கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆபீஸ் வேலை பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக எழுதியது?

கரூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பிளேஸ்மென்ட் வேலையும் என் தலையில் விழுந்து சில வருடங்கள் ஆகின்றன. மற்ற கல்லூரி ஆசிரியர்களும் பெற்றோர்களும், சில சமயம் மாணவர்களே கூட, போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு. உதாரணங்கள் பி.காம். பக்கமே அதிகம் சாயும். மற்றப் பாடக்காரர்கள் தங்கள் ஊருக்கும் துறைக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வேண்டிய திறன் என்றால் என்ன? கம்யூனிகேஷன்தானே?

எல்லோரும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இங்குள்ள ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் உட்கார்ந்து, "எங்கள் பிள்ளைகளிடம் என்ன குறை?" என்று கேட்டால் வேறு பதில் வரும். ஒரு மேனேஜர் சொன்னது: "சொன்ன வேலை முடிஞ்சுதான்னு நானே போய்ப் பார்க்க வேண்டியிருக்கு சார்."

அதற்கு ஒரு உதாரணம். என்னிடம் படித்த பையன், வேலையில் சேர்ந்த முதல் வாரம். மாலை 6 மணிக்கு ஒரு சாம்பிள் பார்சலைக் கொடுத்துக் கூரியரில் போடச் சொல்லியிருக்கிறார்கள். போனான். கடை மூடியிருந்தது. பார்சலோடு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலை கேட்டபோது, "நேத்தே மூடிட்டாங்க சார்" என்றான். அவன் மனதில் தப்பே இல்லை. சொன்ன இடத்துக்குப் போனான், கடை மூடியிருந்தது, அவன் என்ன செய்வான்? அந்த நேரத்தில் ஒரு போன் அடித்திருந்தால் வேறு கூரியரில் போட்டிருப்பார்கள். மேனேஜருக்கு வந்த கோபத்தை நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதினைந்து வருடப் படிப்பில் யாரும் அவனை அந்தப் போனை அடிக்கச் சொன்னதில்லை. பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டால் போவது அவனுடைய மார்க் மட்டும். அந்த விடைத்தாளை நம்பி அடுத்த மேசையில் யாரும் காத்திருப்பதில்லை. ஆபீஸில் காத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் கல்லூரிக்கும் வேலைக்கும் உள்ள பெரிய இடைவெளி இதுதான். இங்கிலீஷ், பவர்பாயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சிக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறாரே, அது போதாதா?

கோட் போட்ட ஒருவர் வருவார். பந்து எறிந்து விளையாட வைப்பார், கை குலுக்கச் சொல்லித் தருவார். பிள்ளைகளுக்கு ஒரு நாள் சந்தோஷமாகப் போகும். கூச்சம் போக அது உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் என்ன? நீச்சல் பற்றிய சொற்பொழிவு மாதிரிதான். நம் வகுப்பிலேயே, நம் பாடத்துக்குள்ளேயே வாரம் ஒரு வேலை கொடுத்து, திருத்தி, திரும்பச் செய்ய வைக்க வேண்டும். அதற்கு வெளியாள் தேவையில்லை, பட்ஜெட்டும் தேவையில்லை. ஆசிரியரின் நேரம் மட்டும் நிறையத் தின்னும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

நான் பில்லிலிருந்து தொடங்குவேன். தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் பழைய பில் மாதிரிகளை வாங்கி, பெயர், நம்பர் எல்லாவற்றையும் மாற்றி, முப்பது பில் கொண்ட ஒரு கட்டு தயார் செய்தேன். அதில் ஏழெட்டில் வேண்டுமென்றே தப்பு வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கு ஒரு கட்டு, ஒரு மணி நேரம். "இதை டாலியில் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) ஏற்றலாமா, கூடாதா? கூடாதென்றால் ஏன்?" அவ்வளவுதான் கேள்வி.

வைத்த தப்புகள் சிலவற்றைச் சொல்கிறேன். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இடம் உண்டு, ஒரு பில்லில் 14 தான் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து இடம் அந்த வியாபாரியின் பான் எண். இன்னொரு பில்லில் விற்பவரின் எண் 29 என்று தொடங்கும், சரக்கு பெங்களூரிலிருந்து கரூருக்கு வந்திருக்கும், ஆனால் வரி மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். மாநிலம் தாண்டி வரும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி அல்லவா போட வேண்டும்? மூன்றாவது பில்லில் கூட்டலெல்லாம் கச்சிதம், ஆனால் தேதி அடுத்த மாதத்துத் தேதி. நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. பில்லில் 48 பண்டல், அதோடு பின் அடித்திருக்கும் டெலிவரி சலானில், அதாவது சரக்கோடு வந்த சீட்டில், 46.

முதல் வருடம் இதைக் கொடுத்தபோது நடந்ததை மறக்க முடியாது. ஜிஎஸ்டி தாளில் 80க்கு மேல் வாங்கிய மாணவர்கள் முப்பது பில்லையும் "சரி" என்று போட்டுக் கொடுத்தார்கள். 29, 33 எல்லாம் அவர்களுக்குத் தெரியும், கேட்டால் ஒப்பிப்பார்கள். ஆனால் கையில் இருக்கும் காகிதம் தப்பாக இருக்கலாம் என்ற சந்தேகமே எழவில்லை. கேள்வித்தாளில் கொடுத்த எண்ணைச் சந்தேகப்பட நாம் என்றைக்குக் கற்றுக்கொடுத்தோம்? 48 பண்டலையும் 46 பண்டலையும் கண்டுபிடித்தது கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையன். அப்பா நூல் கடை வைத்திருக்கிறார்.

தப்பைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை. அந்தப் பில்லை அனுப்பிய கம்பெனிக்கு என்ன எழுதுவது? அடுத்த வாரம் அது.

மெயில் எழுதக்கூடத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

வேண்டும். லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை, எல்லாவற்றையும் லீவ் லெட்டராகவே எழுதும். 48 பண்டல் விஷயத்துக்கு முதல் முறை வந்த மெயிலின் சாரம் இது: "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் பில்லில் ஒரு பிழை உள்ளது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." மரியாதை நிறைய இருக்கிறது. எந்தப் பில், என்ன பிழை, என்ன செய்ய வேண்டும் என்பது இல்லை. அந்த ஐயா போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது முறை திருத்திய பிறகு வந்தது: "உங்கள் பில் எண் 217, 12ஆம் தேதி: 48 பண்டல் என்று இருக்கிறது. சலானில் 46. எங்கள் குடோனில் எண்ணியதும் 46. சலானின் படத்தை இணைத்திருக்கிறேன். 2 பண்டலுக்கு கிரெடிட் நோட் அனுப்பினால் இந்த மாதக் கணக்கில் சேர்த்துவிடலாம். 20ஆம் தேதிக்குள் கிடைக்குமா?"

(கிரெடிட் நோட் என்பது கூடுதலாகப் போட்ட தொகையைக் கழித்து விற்றவர் தரும் சீட்டு.) இரண்டு மெயிலையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போடுவேன். விளக்கம் சொல்லத் தேவையே இருக்காது. தலைப்பு வரியை மட்டும் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். "வணக்கம்" என்ற தலைப்பில் வந்த மெயிலை மூன்று மாதம் கழித்து யாரால் தேடி எடுக்க முடியும்?

எக்செல் எல்லோருக்கும் தெரியும்தானே?

சர்ட்டிபிகேட் எல்லோரிடமும் இருக்கிறது. நான் ஒரு சின்னச் சோதனை வைப்பேன். நாற்பது பேருடைய பெயர், 12 இலக்கப் பதிவு எண், பேங்க் கணக்கு எண், பிறந்த தேதி ஆகியவற்றைக் காகிதத்தில் கொடுத்து டைப் செய்யச் சொல்வேன்.

முதலில் பதிவு எண் உடையும். 12 இலக்கத்தை அடித்து என்டர் தட்டினால் எக்செல் அதைப் பத்தின் அடுக்காகச் சுருக்கி, நடுவில் ஒரு புள்ளியும் ஓர் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் போட்டுக் காட்டும். பாதிப் பேர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்தது தேதி. 03/04 என்றால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பது அந்தக் கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்தது. மாதம் முதலில் என்று அமைப்பு இருந்தால், 12க்கு மேல் உள்ள நாட்கள் தேதியாக மாறாமல் இடதுபக்கம் ஒட்டி நிற்கும், மற்றவை வலதுபக்கம் நிற்கும். அதைக் கண்டதும் "ஏதோ கோளாறு" என்று தோன்ற வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்து. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை வெறும் எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. கட்டத்தை நம்பர் அமைப்புக்கு மாற்றிவிட்டால் திரையில் பார்க்க நல்ல பிள்ளையாக நிற்கும். அந்தப் பட்டியலை வைத்துச் சம்பளம் போட்டால் பணம் திரும்பி வரும், அல்லது வேறு யாருக்காவது போகும். அடிப்பதற்கு முன்னால் அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். இரண்டு நிமிடப் பாடம். பெரிய பட்டியலைத் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிள் தெரிந்தவர்களில் பலருக்கு இது தெரியாது.

அப்புறம் பைலுக்குப் பெயர் வைப்பது. "பைனல்", "பைனல் நியூ", "பைனல் நியூ கரெக்டட்" என்று மூன்று பைல் வந்தால் நான் திறக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். முதலில் வருடம், மாதம், நாள், பிறகு விஷயம். வேறு ஒருவர் லீவில் இருக்கும் நாளில் தேடினாலும் கிடைக்க வேண்டும்.

போன் பேசப் பயப்படுகிறார்களே?

நாள் முழுக்கக் கையில் போன்தான், ஆனால் தெரியாத ஒருவரை அழைத்துப் பேசச் சொன்னால் வியர்க்கிறது. மெசேஜ் போட்டுவிட்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மருந்து பேச வைப்பதுதான். துறை விழா நடக்கும்போது சேர், மைக் செட், சாப்பாடு எல்லாவற்றுக்கும் விலை கேட்கும் வேலையை மாணவர்களிடமே கொடுங்கள். பேசுவதற்கு முன் மூன்று வரி எழுதிக்கொள்ள வேண்டும், பேசி முடித்ததும் ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

இங்கிலீஷ் வராதவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் நிறைய அழுகை இருக்கிறது, அதனால் கவனமாகச் சொல்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் முதலில் தமிழிலேயே தெளிவாகச் சொல்லப் பழகட்டும். மேலே உள்ள 217ஆம் நம்பர் பில் மெயிலைத் தமிழில் ஒழுங்காக எழுதியவர், அதையே எளிய இங்கிலீஷில் எழுத ஒரு மாதம் போதும். தமிழிலேயே குழப்பி எழுதினால் இங்கிலீஷிலும் குழப்பம்தான் வரும்.

ஒவ்வொரு தொழிலுக்கும் அன்றாட இங்கிலீஷ் கொஞ்சம்தான். பையர், ஷிப்மென்ட், லீட் டைம், அப்ரூவல், டெபிட் நோட் என்று ஏற்றுமதி ஆபீஸில் நாள் முழுக்கப் புழங்குவது இருநூறு முந்நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. அந்தச் சொற்களை வைத்து நாற்பது வாக்கியம் எழுதிப் பழக்குங்கள். பேச்சு இங்கிலீஷ் மெதுவாக வரட்டும். ஆனால் சென்னை, பெங்களூர் கம்பெனிகளின் இன்டர்வியூவில் இங்கிலீஷில் பேச வராதவரைக் கழித்துவிடுகிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. நான் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்டர்ன்ஷிப் போனால் இதெல்லாம் தானாக வந்துவிடாதா?

உண்மையான இன்டர்ன்ஷிப் போனால் வரும். எத்தனை உண்மையானவை என்பதுதான் கேள்வி. வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று மேசைமேல் வரும் சர்ட்டிபிகேட்டுகளைப் பார்த்தாலே தெரியும். எட்டுப் பேர் ஒரே கடையில், ஒரே தேதியில், ஒரே "எக்ஸலன்ட்". ஒரு வருடம் ஒரு பெண்ணிடம், "அந்த ஆபீஸில் தண்ணீர் கேன் எங்கே வைத்திருப்பார்கள்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். உண்மையைச் சொன்னதற்காக அவளுக்கு இரண்டு மார்க் கூடப் போட்டேன், அது வேறு கதை.

இப்போது சர்ட்டிபிகேட்டுக்கு மார்க் கிடையாது, டயரிக்குத்தான் மார்க். ஒரு நாளுக்கு நான்கு வரி: இன்று என்ன வேலை கொடுத்தார்கள், யாரிடம் அதை ஒப்படைத்தேன், அவர் என்ன திருத்தினார், எனக்கு என்ன புரியவில்லை. மூன்றாவது வரி காலியாகவே போனால் அங்கே யாரும் வேலை கொடுக்கவில்லை என்று அர்த்தம். நடுவில் ஒருமுறை நானே நேரில் போவேன். பஸ் பாடி கட்டும் ஒரு கம்பெனிக்குப் போனபோது, எங்கள் மாணவனை ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட்டு எண்ண விட்டிருந்தார்கள். இன்டர்ன்ஷிப் வீண் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். ஆனால் புத்தகத்தில் உள்ள இருப்புக்கும் ரேக்கில் உள்ள இருப்புக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்று மூன்று காரணம் சொன்னான். வகுப்பில் இருப்பு மதிப்பீட்டை இரண்டு வாரம் நடத்தியும் அந்த மூன்றில் ஒன்றுகூட நான் சொன்னதில்லை.

பணம் கட்டினால் ஆன்லைனில் இன்டர்ன்ஷிப் தருகிறார்களாம். சேரலாமா?

வேண்டாம். பணம் கட்டினால் அது கோர்ஸ். கோர்ஸ் வேண்டுமென்றால் கோர்ஸ் என்று தெரிந்தே சேருங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடத்தை இலவசமாகவே படிக்கலாம், பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வாங்கத்தான் கட்டணம்.

இன்டர்ன், அப்ரண்டிஸ்: இரண்டும் ஒன்றா?

இல்லை, இந்த வித்தியாசம் பல ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. அப்ரண்டிஸ் என்பது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்துக்குள் வருவது. ஒப்பந்தம் உண்டு, அரசுப் பதிவு உண்டு, மாத உதவித்தொகை கட்டாயம். இன்ஜினியரிங் பட்டதாரிகளுக்கும் டிப்ளமாக்காரர்களுக்கும் 1973இல் கதவு திறந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களும் சேரலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும்.

2019 விதிகளின்படி பட்டதாரி அப்ரண்டிசுக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய். மத்திய அரசின் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் கீழ் எடுத்தால் அதில் பாதியை மத்திய அரசு கொடுக்கிறது. தொகையை உயர்த்தும் பரிந்துரை 2025இல் வந்தது, ஆகவே சேரும்போது நடப்புத் தொகையை அந்தத் திட்டத்தின் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரிய ஆபீஸ் சென்னை தரமணியில் இருக்கிறது. எங்கள் ஊர் நடுத்தரக் கம்பெனிகள் பலவற்றுக்கு இந்தப் பாதிப் பணம் விஷயமே தெரியாது. நான் போய்ச் சொன்ன இரண்டு இடத்தில் உடனே ஆள் கேட்டார்கள்.

இன்டர்ன் அப்படியல்ல. கல்லூரிக்கும் கம்பெனிக்கும் உள்ள ஏற்பாடு அது. சம்பளம் தருவதும் தராததும் அவர்கள் மனசு.

"நான் முதல்வன்" திட்டம் இருக்கும்போது கல்லூரி தனியாக மெனக்கெட வேண்டுமா?

2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞர்கள் என்பது இலக்கு, நடத்துவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். மாவட்டக் கல்லூரிகளுக்கு எட்டாத கோர்ஸ்கள் அதன் வழியாக வந்திருக்கின்றன என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோர்ஸ் வந்துவிட்டது என்று துறை கையைக் கட்டிக்கொண்டால், பிள்ளைகள் அதையும் இன்னொரு தாளாக எண்ணி, வீடியோவை ஓடவிட்டு, கடைசி நாளில் தேர்வை முடித்துவிடுவார்கள். கோர்ஸில் வந்த ஒரு விஷயத்தை எடுத்து, நம் ஊர்க் கடை ஒன்றின் கணக்கில் செய்து காட்டச் சொன்னால்தான் ஒட்டும்.

மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

புதிய யோசனை இல்லை இது. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இல் 27 இன்ஜினியரிங் மாணவர்களை வைத்து, கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் தொழிற்சாலை என்று மாற்றி மாற்றி அனுப்பத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே இந்த முறையோடுதான் தொடங்கியது. இப்போது அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை.

நம் நாட்டிலும் உண்டு. ராஜஸ்தானில் உள்ள பிலானி பிட்ஸ் கல்வி நிறுவனத்தில் பிராக்டிஸ் ஸ்கூல் என்ற ஏற்பாடு 1973இல் வந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர் கம்பெனியில்தான் இருப்பார். கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பு ஐந்து வருடம். பக்கத்திலேயே இருக்கும் பிஎஸ்ஜி தொழிற்கூடத்தில் மாணவர்கள் படிக்கும்போதே வேலை பழகுவார்கள். மோட்டாரும் பம்பும் தயாராகும் இடம் அது.

அங்கெல்லாம் முடிகிறதே, இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். அங்கே கம்பெனிகளோடு பேசி இடம் பிடிப்பதற்கென்றே முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அது மாலை நான்கு மணிக்கு மேல், பேப்பர் திருத்தியது போக மிச்சமிருக்கும் நேரத்தில், என்னைப் போன்ற ஒருவர் செய்யும் வேலை.

ஆசிரியருக்கே கம்பெனி அனுபவம் இல்லையே?

எனக்கும் இருக்கவில்லை. எம்.காம். முடித்து நேராக வகுப்பறைக்கு வந்தவன் நான். ஒரு மே மாத விடுமுறையில் பத்து நாள் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அங்கே வேலை பார்க்கும் அக்கா, நான் போட்ட வவுச்சரைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க காலேஜ்ல இதுதான் சொல்லிக்கொடுக்கறீங்களா?" என்றார். நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பத்து நாள் போதும், போய் வாருங்கள்.

சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பயிற்சிகளுக்கு அர்த்தம் இருக்கிறதா?

மெயில் அழகாக எழுதித் தருகிறது, மறுக்கவில்லை. நான் தடுப்பதும் இல்லை, தடுத்தாலும் நிற்காது. ஆனால் பண்டல் 46 தான் என்று குடோனில் போய் எண்ணி வர அதனால் முடியாது. ஒரு மாணவி அதைக் கொண்டு எழுதிய மெயிலில், நாங்கள் கொடுக்காத ஒரு பில் எண்ணும் இல்லாத ஒரு சட்டப் பிரிவும் இருந்தன. படிக்காமல் அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து விதி ஒன்றுதான்: எதைக் கொண்டு எழுதினாலும் சரி, ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கிருந்து வந்தது என்று கை வைத்துக் காட்ட வேண்டும்.

மார்க் எப்படிப் போடுவது?

இன்டர்னல் மார்க்கில்தான் நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. முதல் முறை கொடுத்ததற்கு நான் மார்க் போடுவதில்லை, திருத்தித் திரும்பக் கொடுத்ததற்குத்தான். தாமதமாகும் என்று முந்தின நாளே சொன்னவருக்கு வெட்டு இல்லை. சொல்லாமல் தாமதித்தவருக்குப் பாதி. முதல் மாதம் முணுமுணுப்பார்கள். இரண்டாவது மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு, "சார், நாளைக்கு முடியாது, நாளை மறுநாள் தந்துடறேன்" என்று மெசேஜ் வரத் தொடங்கும். தூக்கம் கெட்டாலும் எனக்கு அது சந்தோஷம்தான்.

முதல் சம்பளம் பற்றி ஏதாவது சொல்லித்தர வேண்டுமா?

கட்டாயம். ஆபர் லெட்டரில் வருடத்துக்கு 2,40,000 என்று இருந்தால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தொகைக்குள் கம்பெனியின் பங்கும் அடங்கியிருக்கும். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,200. மொத்தச் சம்பளம் 21,000க்குள் இருப்பதால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உண்டு, அதில் கம்பெனி பங்கு 3.25 சதவீதம். இரண்டும் போக மொத்தச் சம்பளம் சுமார் 18,208. அதிலிருந்து பையனுடைய பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 0.75 சதவீதமாக 137. கைக்கு வருவது 16,871. தமிழ்நாட்டில் தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். அந்த மாதம் இன்னும் குறையும், "கம்பெனி ஏமாத்திடுச்சு சார்" என்று எனக்குப் போன் வரும்.

பலகையில் இந்தக் கணக்கைப் போட்ட நாளில் வகுப்பு இருந்த அமைதியை, வேறு எந்தப் பாடத்துக்கும் நான் பார்த்ததில்லை.

பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள்.

தயக்கம் நியாயமானது, அதைக் கேலி செய்யாதீர்கள். நான் இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்து, அங்கே வேறு பெண்கள் வேலை பார்க்கிறார்களா, பஸ் வசதி எப்படி, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று விசாரித்த பிறகே பெற்றோரிடம் பேசுவேன். தனியாக ஒருவரை அனுப்ப மாட்டேன், குறைந்தது இருவர். 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். பயிற்சிக்குப் போகிறவர்களும் அதில் புகார் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள். இதை மாணவிகளிடம் கிளம்பும் முன்பே, வெளிப்படையாக, மாணவர்களும் இருக்கும் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

ஏற்கெனவே பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவர்களை என்ன செய்வது?

என் வகுப்பில் அறுபது பேர் என்றால் பதினைந்து பேராவது எங்கேயாவது வேலை பார்க்கிறார்கள். ஜவுளிக்கடை, கேட்டரிங், தறிப் பட்டறை, பைனான்ஸ் ஆபீஸ். பல வருடம் நான் அவர்களை "அட்டெண்டன்ஸ் குறைவு" என்ற ஒரு பட்டியலில்தான் பார்த்தேன்.

போன வருடம் துறை விழாவுக்கு முந்நூறு பேர் சாப்பாடு. கேட்டரிங் ஆள் பதினோரு மணிக்குப் போன் செய்து வண்டி பழுது என்றார். குழுத் தலைவராக இருந்த நன்றாகப் படிக்கும் பெண் என்னைப் பார்த்தாள், நான் துறைத் தலைவரைப் பார்த்தேன். முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போகும் ஒரு பையன், மாதம் நான்கு நாள் வகுப்புக்கு வராதவன், எழுந்து வெளியே போனான். இரண்டு போன். திரும்பி வந்து, "சாதம், சாம்பார் பன்னிரண்டரைக்கு வந்துடும் சார். ஸ்வீட் ஒன்னேகாலுக்கு. பந்தியை ஒன்னுக்குத் தொடங்குங்க, இலை போட்டு ஸ்வீட் கடைசியா வைக்கலாம். வண்டி வாடகை எண்ணூறு, அதை மட்டும் நீங்க ஓகே சொல்லணும்" என்றான்.

ஓகே சொன்னேன். அந்த செமஸ்டர் அவனுக்கு இன்டர்ன்ஷிப் டயரி எழுதத் தனியாக ஒரு இடம் தேடவில்லை, பந்தி வேலையையே எழுதி வரச் சொல்லிவிட்டேன்.